எருக்கம்பால் பட்ட கண்

“…அதுக்குன்னு பிள்ளையார் செடிய வெட்டிடுவீங்களா அண்ணி? குளிக்காம கொள்ளாமப் போய்த் தொட்டது நீங்க. தண்டன மட்டும் செடிக்கா?”

மங்கை இப்படிக் கேட்டபோது நாங்கள் இருவரும் எங்கள் வீட்டுப் பின்வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தோம். மங்கை என் கணவரின் தங்கை. செமிலிங் என்ற எங்கள் ஊரில், ஒரே வரிசை வீடுகளில், எனக்கு அடுத்த கதவு அவளுடையது. தொழிற்சாலையில் ஒரு லைனுக்கே சூப்பர்வைசராக இருந்தவள். வேலையை விட்டு வந்துவிட்டாள். அந்த அதட்டலை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டாள். அவள் சொன்ன செடி எருக்கு, ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த வெள்ளெருக்கு. என் கையில் மண்வெட்டி இருந்தது. முகத்தில் கறுப்புக் கண்ணாடி. ஆஸ்பத்திரியில் கடைசித் தடவை கண்ணைக் காட்டிவிட்டு அன்று காலையில்தான் வீடு திரும்பியிருந்தேன்.

நான் அவளுக்கு என்ன பதில் சொன்னேன், அவள் அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்பதெல்லாம் இருக்கட்டும். முதலில் கண்ணின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் குடியிருக்கும் இடங்களில் எருக்கு இல்லாத பின்வேலி குறைவு. படிக்கிறவர்களில் ஒருவர் நாளைக் காலையில் எழுந்து தன் வீட்டுப் பின்பக்கம் போய் ஒரு நிமிடம் நின்று பார்த்தாலும் எனக்குப் போதும்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், மத்தியானம் திரும்ப வீடுகளில் விடுவது என் வேலை. பிள்ளைகளுக்கு நான் ‘வேன் ஆண்ட்டி’. சரோஜா என்ற பெயர் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்கு முன், சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தேன். பிறந்ததும் அங்கேதான். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகுதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் கண் கெட்டதற்குக் காரணம் எருக்கு பாதி, அந்தத் தோட்டத்துப் பழக்கம் பாதி.

எருக்கை எங்கள் வீட்டில் யாரும் நடவில்லை. எங்கிருந்தோ பஞ்சு பறந்து வந்து, வேலிக்கும் சாக்கடைக்கும் இடையில் விழுந்து முளைத்தது. சிறிதாக இருந்தபோதே பிடுங்கத்தான் போனேன். மங்கை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்: “அண்ணி, கைய வைக்காதீங்க! வெள்ளெருக்கு தானா மொளச்சா அந்த வீட்டுக்குப் பிள்ளையாரே நடந்து வந்த மாதிரி!” நடந்து வந்தவரைப் பிடுங்கி எறிய எனக்கு மனம் வருமா? விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் கோவிந்தன் புல்வெட்டும் மெஷினைக் கையில் எடுத்தால் ரோஜாச் செடி என்றும் பார்க்கமாட்டார். அவரே எருக்கைச் சுற்றி ஒதுங்கித்தான் வெட்டுவார். ஒவ்வொரு விநாயகர் சதுர்த்திக்கும் எங்கள் குடியிருப்புக் கோவிலுக்கு எருக்கமாலை எங்கள் வீட்டுப் பூவில்தான். கட்டுவது மங்கை, பறித்துக் கொடுப்பது நான்.

இந்த முறையும் சதுர்த்திக்கு முதல் நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, உடுத்திய உடையோடு பூப்பறிக்கப் போனேன். குளிக்கவில்லை, மங்கை சொல்வது உண்மைதான். எருக்கம்பூவைக் கிள்ளினால் காம்பிலிருந்து பால் வரும். ஒன்றிரண்டு சொட்டு இல்லை, வந்துகொண்டே இருக்கும். உயரத்தில் ஒரு கிளை நல்ல மொட்டுகளோடு இருந்தது. எட்டி இழுத்தேன். முறிந்தது. முகத்திலும் கையிலும் பால்.

ரப்பர்ப் பாலோடு பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். கையில் பட்ட பாலை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் எங்கும் இழுவிக்கொள்ளும். அப்படியே காயவிட்டால், பிறகு விரலால் உருட்டி எடுத்துவிடலாம். தோல் உரிகிற மாதிரி சுத்தமாக வந்துவிடும். வெட்டுக் காட்டில் நாங்கள் யாரும் பாலைக் கழுவ ஓடியதில்லை. காயட்டும் என்று அடுத்த மரத்துக்குப் போய்விடுவோம். அன்றைக்கும் என் கை அதைத்தான் செய்தது. பக்கத்திலேயே குழாய் இருந்தது. நான் திறக்கவில்லை. பால் காயட்டும் என்று விட்டுவிட்டுக் கூடை நிறையப் பறித்தேன். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியபோது, அதே புறங்கையால் வலது கண்ணை அழுத்தித் துடைத்தேன்.

“மூஞ்சியில பால் பட்டிருக்கு, கழுவு” என்றார் இவர், சமையலறை ஜன்னல் வழியாக.

“இந்தப் பாலுக்கா பயப்படுறது? பால்லயே வளந்தவ நான்” என்றேன்.

“செய்யி, செய்யி. உங்க அப்பா தோட்டத்துல மண்டோரா நின்னு ஆளுகள மேய்ச்சவரு, உனக்கு யாரு சொல்ல முடியும்” என்று அவர் தேநீரைக் குடிக்கப் போய்விட்டார்.

வலி இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. கொஞ்சம் எரிந்தது, கொஞ்சம் நீர் வந்தது, நின்றுவிட்டது. மிளகாய் பட்டிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

மறுநாள் சதுர்த்தி. மாலையில் கோவிலில் தீபாராதனை நேரம். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான் மட்டும் விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒவ்வொரு சுடரைச் சுற்றியும் வானவில் மாதிரி ஒரு வளையம். கற்பூரப் புகை என்று நினைத்தேன். மங்கையிடம் சொன்னேன். “சாமி உங்களுக்கு மட்டும் தனியாக் காட்டுறாரு போல” என்றாள். வீட்டுக்கு வந்ததும் நந்தியாவட்டைப் பூ நான்கைக் கொண்டுவந்து கண்மேல் வைத்துக் கட்டிவிட்டாள். குளுகுளுவென்று இருந்தது. தூங்கிவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் வேனில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. பனி என்று ஜன்னலை இறக்கி அந்தக் கண்ணாடியைக் கையால் துடைத்தேன். அப்போதும் வெள்ளை. இடது கையால் இடது கண்ணை மூடிப் பார்த்தேன்; வாசல் கேட் இல்லை, எதிர்வீடு இல்லை, ஸ்டீரிங் மேல் இருந்த என் கையே ஒரு வெள்ளைத் துணி மாதிரி கிடந்தது. இஞ்சினை அணைத்தேன். என் வேனில் ஏறுகிறவர்கள் ஊரார் பிள்ளைகள். ஒரு கண்ணை நம்பி அவர்களை ஏற்ற முடியாது. இந்தக் கண் திரும்பி வராவிட்டால் வேனும் இல்லை. வேன் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அந்த நிமிடம்தான் பயம் வந்தது.

ஹாரனை விடாமல் அழுத்தினேன். மங்கை நைட்டியோடு ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என்னைப் போலவே வேன் ஓட்டும் முருகையா அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் பாதிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார். மிச்சப் பிள்ளைகளைத் தன் காரில் இரண்டு நடையாகக் கொண்டுபோய் விட்டது மங்கை. நான் வீடு திரும்பி, மறுபடி ஓட்டலாம் என்று ஆகும்வரை இது ஒரு நாள்கூடத் தவறவில்லை.

கிளினிக்கில் டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். இவர் எருக்கங்கிளை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டிக் கூடவே எடுத்துவந்தார். “எதனால வந்ததுன்னு காட்ட வேணாமா?” என்றார். வாசலில் காவல்காரர், பையில் என்ன என்று கேட்டார். இவர் மலாயில், “இதுதான் என் பெண்டாட்டிய அடிச்சது” என்றார். அவர் பையையும் என்னையும் பார்த்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் உள்ளே விட்டார். ஆனால் அந்தப் பையைக் கொண்டுபோனது புத்திசாலித்தனம் என்று பிறகு டாக்டரே சொன்னார். எந்தச் செடி என்று தெரிந்தால் அவர்களுக்கு வேலை சுலபம்.

அவசரப் பிரிவில் முதலில் கழுவினார்கள். குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி ஒரு பை உப்புநீரைத் தொங்கவிட்டு, குழாயைக் கண்ணுக்கு மேல் பிடித்து, பை காலியாகும்வரை ஓடவிட்டார்கள். பிறகு இன்னொரு பை. நடுவில் சின்னக் காகிதத் துண்டைக் கண்ணோரம் வைத்து நிறம் பார்த்தார்கள்; கண்ணில் அமிலமோ காரமோ மிச்சம் இருந்தால் அதில் தெரியுமாம். “இதையே நீங்க அன்னிக்கே வீட்டுக் கொழாயில செஞ்சிருக்கலாமே மா” என்றாள் அந்த மிஸ்ஸி. எங்கள் பக்கம் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். குறையாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னாள். எனக்கு வீட்டுக் குழாய் கண்முன் வந்தது. நாலு எட்டுத் தூரம்கூட இல்லை.

அப்புறம் கண் பிரிவு. அங்கே காத்திருப்பதே ஒரு தனி உலகம். வரிசையாக உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் ஒரு கண்ணோ இரண்டு கண்ணோ மூடியிருக்கும். நம்பர் மாறும் பலகையோ உயரத்தில் இருக்கும். அதனால் யாராவது ஒருவர் எல்லாருக்காகவும் நம்பரை உரக்கப் படிப்பார். நாங்கள் போன நேரம் அந்த வேலையை ஒரு சீனத் தாத்தா செய்துகொண்டிருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டதும், தன் இடத்தில் இவரை உட்காரவைத்து, “இனிமே நீ படி” என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் பெருமையாகப் படிக்க ஆரம்பித்து, என் நம்பர் வந்தபோது அதையும் உரக்கப் படித்துவிட்டு, “யாருப்பா அது?” என்று சுற்றிப் பார்த்தார். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் இளம்பெண். குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்தில் ரயில்வே உத்தியோகத்துக்கு வந்ததாம். வீட்டில் இன்னும் அந்தத் தமிழ்தான். அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

“அம்மா, பால் பட்ட உடன கழுவேல்லையோ?”

“இல்ல டாக்டர். காயட்டும்னு விட்டுட்டேன்.”

“காயவோ? ஏன்?”

ரப்பர்ப் பால் கதையைச் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். “நோகவும் இல்லை, என்ன? அதுதான் எருக்கம்பாலின்ர வேலை. நொந்திருந்தா நீங்கள் அண்டைக்கே ஓடி வந்திருப்பியள்.”

கண்ணில் மஞ்சள் சாயச் சொட்டு விட்டு, நீல விளக்கைப் போட்டு, தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். மேல்தோலில் கீறலோ புண்ணோ இருந்தால் அந்தச் சாயம் அங்கே பச்சையாக ஒளிருமாம். பிறகு சுவரில் எழுத்துப் பலகை. மேலே இருக்கும் ஒரே பெரிய எழுத்துகூட எனக்குத் தெரியவில்லை. விரலைக் காட்டினார். கிட்டே கொண்டுவந்தபோதுதான் எத்தனை என்று சொல்ல முடிந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கறுவிழிக்கு முன்னால் கைக்கடிகாரத்துக்கு இருப்பது போல் ஒரு தெளிவான மூடி இருக்கிறது. விழிப்படலம் என்பார்கள். அதன் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அணுக்கள் ஒரே வரிசையாக ஒட்டிக்கொண்டு, மூடிக்குள் ஊறும் நீரை இரவும் பகலும் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. இறைக்கிறவரைக்கும் மூடி தெளிவாக இருக்கும். எருக்கம்பாலில் உள்ள நஞ்சு மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்கி அந்த அணுக்களைத் தாக்கும். அவை சோர்ந்துவிட்டால் நீர் தேங்கி மூடி ஊதி மங்கிவிடும். விளக்கைச் சுற்றி நான் பார்த்த வளையம் சாமி காட்டியதில்லை. நீர் காட்டியது.

“திரும்பப் பார்வை வருமா டாக்டர்?” என்று இவர்தான் கேட்டார்.

“அநேகமா வரும். மருந்து சரியா விட்டா வீக்கம் வத்தும். ஆனா எத்தினை அணு செத்துப்போச்செண்டு இப்ப சொல்லேலாது. அது திரும்ப வளராது. மிச்சம் இருக்கிறதுதான் எட்டிப் பிடிச்சு அந்த வேலையையும் செய்யும்.”

தோட்டத்தில் காலைப் பெரட்டு என்று ஆள் எண்ணிப் பேர் கூப்பிடும்போது ஆள் குறைந்திருந்தால், வந்தவர்களே அந்த நிரையையும் சேர்த்து வெட்டவேண்டும். எனக்கு அது உடனே விளங்கியது. அந்தப் பெரட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் தெரியாது.

வார்டில் சேர்த்தார்கள், மணிக்கு ஒரு தடவை சொட்டு விடவேண்டும் என்பதற்காக. ஒன்று கிருமி வராமலிருக்க. ஒன்று வீக்கம் வற்ற. அது ஸ்டிராய்டு என்ற மருந்து, டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கி விடக் கூடாது, கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும் என்றார்கள். இன்னொன்று கண்மணியை அகலமாக்கி ஓய்வு கொடுக்க. ராத்திரியிலும் மிஸ்ஸி வந்து தோளைத் தொடுவாள். முதலில் தூக்கம் கெடுகிறதே என்று இருந்தது. பிறகு, நான் தூங்கினாலும் என் கண்ணை நினைத்துக்கொண்டு ஒருத்தி விழித்திருக்கிறாள் என்பது பெரிய ஆறுதலாகிவிட்டது.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். தேன், பன்னீர், தாய்ப்பால், இளநீர். தாய்ப்பால் சொன்ன அம்மாளுக்கு அதை யாரிடம் வாங்குவது என்பதிலும் யோசனை இருந்தது. எல்லாரும் அன்பில்தான் சொன்னார்கள். டாக்டரிடம் ஒன்றொன்றாகக் கேட்டேன். “அம்மா, சுத்தமான தண்ணியைத் தவிர வேற ஒண்டும் கண்ணுக்குள்ள போகக் கூடாது” என்றார். நந்தியாவட்டையைப் பற்றியும் சொன்னேன். “வெளியில வச்சதோட விட்டியளே, பிழிஞ்சு விடேல்லையே? அதுக்கும் பால் இருக்கு” என்றார். இதை மங்கையிடம் சொன்னபோது அவள் என் போர்வையை மடித்தாள். மடித்திருந்த போர்வையைத்தான் மறுபடி மடித்தாள்.

அவள் தினமும் பிள்ளைகளை விட்டுவிட்டு நேரே வார்டுக்கு வருவாள். வந்ததும் அறிக்கை வாசிப்பாள். காரில் தேவாரம் பாடவைத்தாளாம். தின்னக் கூடாது என்று சட்டம் போட்டாளாம். “ஒரு வாண்டு கேக்குது அண்ணி, ‘வேன் ஆண்ட்டி செத்துப் போய்ட்டாங்களா? அவங்க இருந்தா முறுக்குத் திங்கலாம்’னு!” பக்கத்துக் கட்டிலில் கண்புரை ஆபரேஷனுக்குப் படுத்திருந்த மலாய்க்கார அம்மாளுக்கு, மக்சிக் என்று கூப்பிடுவேன், இதை மலாயில் சொன்னேன். கண்ணில் கட்டோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று மிஸ்ஸி ஓடிவந்தாள். மக்சிக் தன் வீட்டுக் காட்டுச் சேம்பின் கதையைச் சொன்னார். கறிக்கு உரித்துவிட்டு, கை அரித்த அரிப்பில் குளத்திலேயே இறங்கி நின்றாராம். எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

பில்லைப் பற்றிக் கேட்பீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, வந்த தொகையைப் பார்த்து இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “நாசி லெமாக் சோத்துக்கும் பார்க்கிங்குக்கும் குடுத்தது இதவிட ஜாஸ்தி லா” என்றார். எங்களைக் கலங்கவைத்தது பணம் இல்லை. பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம் நான் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கண்ணாடியில் பார்ப்பேன். அங்கே முகம் இருக்காது. ஒரு நாள் கண்ணாடி முன் நின்றுகொண்டே அழுதேன். கண்ணீர் மருந்தைக் கழுவிவிடுமோ என்ற பயத்தில் அழுகையையும் நிறுத்திக்கொண்டேன்.

இதற்கிடையில் இவர் வீட்டில் இருந்துகொண்டு ஒரு வேலை செய்தார். பின்பக்கம் முன்பக்கம் எல்லாச் செடியையும் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு வந்து, டாக்டர் ரவுண்டு வரும்போது நீட்டினார். அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“இது மல்லிகை. இது கறிவேப்பிலை. ஐயா, இது உங்கட கால்.”

“அடுத்தது பாருங்க டாக்டர்.”

“இது ஊமத்தை! இதை ஏன் வச்சிருக்கிறியள்?”

“பூ நல்லா இருந்துச்சி…”

“காய், விதை எல்லாம் நஞ்சு. பிள்ளையள் வாற வீடெல்லோ? அரளியும் நிக்குது. எருக்கு எங்கட பெரிய எதிரி. மூண்டையும் எடுங்கோ. ஆனா எடுக்கிற விதமா எடுக்கவேணும்.”

அவர் சொன்ன விதம் இதுதான். புல்வெட்டும் மெஷின் கூடவே கூடாது; கத்தி சுழன்று பாலை முகத்தில் தெளித்துவிடும். இவர் அதைத்தான் எடுக்க இருந்தார்! எரிக்கவும் கூடாது, அரளிப் புகையே நஞ்சு. முழுக்கை சட்டை, நீளமான ரப்பர்க் கையுறை, கண்ணை நாலு பக்கமும் மூடுகிற கண்ணாடி. மழை பெய்து மண் இளகிய பிறகு, தள்ளி நின்று வேரோடு தோண்டவேண்டும். துண்டு துண்டாக வெட்டினால் வெட்டுகிற இடமெல்லாம் பால். எடுத்ததைத் தடித்த பையில் போட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்பவேண்டும். ஆடு மாடு வாய் வைக்கும் இடத்தில் போடக் கூடாது. முடிந்ததும் மண்வெட்டி, கையுறை, கை எல்லாம் சோப்புப் போட்டு உடனே கழுவவேண்டும். காயவிடக் கூடாது. இதைச் சொல்லும்போது டாக்டர் என்னைத்தான் பார்த்தார். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவிவிட்டு, வலித்தாலும் வலிக்காவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரி.

மறுநாள் இவர் ஒரு படம் அனுப்பினார். மழைக்கோட்டு, கையுறை, தலையில் மோட்டார் ஹெல்மெட், முகமூடி இறக்கிவிட்டது. நிலவுக்குப் போகிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கட்டிய பைகளில் ஊமத்தையும் அரளியும். போனில் கேட்டேன், “எருக்கு?”

“அது மட்டும் நீயும் உன் நாத்தனாரும் பேசிக்குங்க. நான் வரல லா.”

கண் திரும்பியது சத்தமில்லாமல்தான். ஒரு காலையில் வழக்கம்போல இடது கண்ணைப் பொத்தினேன். மக்சிக்கின் தலைத்துணி தெரிந்தது. அதில் சின்னச் சின்னப் பூக்கள் தெரிந்தன. “மக்சிக், உங்க துடோங்ல பூவா?” என்று கத்திவிட்டேன். அவர் துணியைத் தடவிப் பார்த்து, “ஆமா, எப்பவும் இருக்கே” என்றார். எழுத்துப் பலகையில் மேல் எழுத்து வந்தது, பிறகு இரண்டாவது வரி, வீட்டுக்கு அனுப்பும்போது பாதிப் பலகை. பிறகு வெளிநோயாளியாகப் போய்வந்தேன். கடைசித் தடவை டாக்டர் பலகையின் கீழ்வரியைப் படிக்கவைத்தார். படித்தேன். வேன் ஓட்டலாமா என்றேன். “ஓட்டலாம். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுங்கோ” என்றார். அப்புறம் ஒரு படத்தைக் காட்டினார், என் அணுக்களை எண்ணுகிற மெஷின் எடுத்தது. இடது கண்ணில் தேன்கூடு மாதிரி நெருக்கமாக இருந்தன. வலது கண்ணில் பெரிது பெரிதாக, எண்ணிக்கையில் குறைவாக.

“இந்த எண்ணிக்கை இனி ஏறாது, அம்மா. இன்னொருக்கா இந்தக் கண்ணில பட்டா, நான் வாக்குத் தர ஏலாது.”

அந்தச் சொல்லோடு வீடு வந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வேலிக்குப் போனேன். அப்போதுதான் மங்கை ஓடிவந்தாள், அப்போதுதான் தண்டனை செடிக்கா என்று கேட்டாள்.

“குளிக்காமத் தொட்டதாலன்னா நீ சொல்றது சரி” என்றேன். “ஆனா மங்கை, நானே குளிச்சிட்டுத் தொட்டாலும் பால் பால்தான்.”

“நான் பறிக்கிறேன் அண்ணி. நீங்க கிட்டவே வர வேணாம். பத்து வருஷமா நம்ம மால இல்லாம சாமிக்குப் பூச நடந்ததில்ல.”

“நீ பறிப்ப. நான் சும்மா இருப்பனா? நீ எட்டலன்னு ஒரு கெளைய இழுத்தா, நான் பிடிச்சிக் குடுக்க ஓடி வருவேன். அது என் கொணம். ஒனக்குத் தெரியும்.”

அவள் செடியின் உச்சிக் கிளையை நிமிர்ந்து பார்த்தாள்.

“டாக்டர் இன்னிக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒங்க அண்ணனுக்குக்கூட இன்னும் சொல்லல. இந்தக் கண்ணு தெரியுது, ஆனா உள்ள ஆளு கொறஞ்சி போச்சி. செத்தது செத்ததுதான். இன்னொரு சொட்டு பட்டா தாங்காது. வேன விட்டுட்டு நான் வீட்டுல ஒக்காந்திருக்கிறத பாக்கணுமா நீ?”

மங்கை என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். என் தாடையைப் பிடித்து, அந்த டாக்டரைவிட நெருக்கமாக, கண்ணுக்குள் பார்த்தாள். என்ன தெரிந்ததோ. கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டாள். கோபம் என்றுதான் நினைத்தேன். மண்ணில் மண்வெட்டியை ஊன்றி நின்றேன்.

திரும்பி வந்தபோது முழுக்கை சட்டை போட்டிருந்தாள். முழங்கைவரை ஏறும் கையுறை. தொழிற்சாலையில் போட்ட கண்கவசம், நாடா தலையைச் சுற்றி இறுக்கியிருந்தது. செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்தாள். செடியின் முன்னால் கையுறைக் கைகளைக் கூப்பி, உதடு அசைய, எனக்குக் கேட்காதபடி அதனிடம் என்னவோ சொன்னாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள்.

“நீங்க உள்ள போங்க அண்ணி. ஜன்னலயும் சாத்திக்குங்க.”

நான் போய் ஜன்னலைச் சாத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்று இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மங்கை வேரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஈர மண்ணில் முதல் வெட்டைப் போட்டாள்.